போனில் பாதம் தெரியாது

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் வந்தார்கள். சர்க்கரை நோய், உள்ளங்காலில் ஒரு மாதப் புண். நரம்பு மரத்துப்போனதால் வலியே தெரியவில்லை. சென்னையிலுள்ள மகன் தினமும் போன் பேசுகிறார்.

“மகன்கிட்ட ஏம்மா சொல்லல?”

“பொங்கலுக்கு வருவான்ல, அப்பப் பாத்துக்கிருவோம்னு இருந்தேன்யா.”

பொங்கலுக்கு இன்னும் நாலு மாசம்! அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை போக வேண்டும்? நம் நாட்டின் 2007-ஆம் வருடச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கச் சொல்கிறது. சீனாவிலோ 2013 முதல், தள்ளியிருக்கும் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்று சட்டம். எத்தனை நாள் என்ற கணக்கு அதிலும் இல்லை.

சித்த மருத்துவத்தில் மருந்துக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்று கணக்கு உண்டு. நான் இதற்கும் அதையே சொல்வேன். முடியாதவர்கள் இரண்டு மண்டலத்துக்கு ஒரு தடவையாவது போங்கள்.

போனதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரை அட்டையை எண்ணுங்கள். வளையல் தொளதொளவென்று ஆடினால் உடம்பு இளைத்திருக்கிறது. முதுமையில் தாகம் குறையும். நம் அருப்புக்கோட்டை வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கூட இருந்து கவனியுங்கள்.

“நல்லாத்தான்யா இருக்கேன்” என்பதை மட்டும் நம்பாதீர்கள்.