கல்லாவில் 380 ரூபாய் சில்லறை

மாலை நேர மளிகைக் கடை. பில் 120 ரூபாய், வாடிக்கையாளர் நீட்டியதோ 500 ரூபாய்த் தாள். மீதி 380 தர வேண்டும். கல்லாவில் இருப்பது 200 ரூபாய்த் தாள் ஒன்று, நூறு இரண்டு, ஐம்பது மூன்று, இருபது நான்கு. கடைக்காரர் பழக்கப்படி பெரிய தாளிலிருந்து தொடங்குகிறார்: 200, 100, 50, 20. கையில் 370. இன்னொரு இருபது வைத்தால் கூடிவிடும்.

"பத்து ரூபா இருக்குமாண்ணே?"

கேட்கவே வேண்டியதில்லை. சரியான சில்லறை கல்லாவிலேயே மூன்று விதமாக இருக்கிறது.

முதலில் கணக்கை எழுதிக்கொள்ள வேண்டும். தாள்களின் எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து வரிசையாக க, ச, ட, த என்று வைத்தால்:

200க + 100ச + 50ட + 20த = 380

கூடவே வரம்புகளையும் எழுத வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். க 1-ஐயும், ச 2-ஐயும், ட 3-ஐயும், த 4-ஐயும் தாண்டக் கூடாது. எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஒவ்வொன்றாகச் சோதித்தால் 2 × 3 × 4 × 5, அதாவது 120 சேர்க்கைகள். கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. வரிசை நிற்கும் கடையில் நடக்காது.

அடுத்து, எல்லாவற்றையும் 10-ஆல் வகுத்துவிடலாம்: 20க + 10ச + 5ட + 2த = 38.

இனி மற்றவற்றோடு ஒட்டாத மாறியைப் பிடிக்க வேண்டும். 20, 10, 5 மூன்றும் ஐந்தின் மடங்குகள். தனித்து நிற்பது 2த. 38-ஐ ஐந்தால் வகுத்தால் மீதி 3. அந்த மீதியை 2த மட்டுமே தர முடியும். த-வுக்கு 0 முதல் 4 வரை வைத்தால் 2த-வின் மீதிகள் முறையே 0, 2, 4, 1, 3. ஆகவே த = 4. நான்கு இருபதும் வெளியே வந்தே ஆக வேண்டும். கடைக்காரர் மூன்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டார், சிக்கல் அதுதான்.

மிச்சம் 4க + 2ச + ட = 6. ட இரட்டை எண்ணாக இருக்க வேண்டும், எனவே 0 அல்லது 2. ட = 0 என்றால் ஒரு 200, ஒரு 100. (200 இல்லாமல் மூன்று நூறு கொடுக்கலாம், ஆனால் இருப்பது இரண்டுதான்.) ட = 2 என்றால் ஒரு 200 அல்லது இரண்டு 100. 120 சேர்க்கைகள் மூன்றாகிவிட்டன.

ஒரு குறுக்குவழியும் உண்டு. கல்லாவின் மொத்தம் 630. அதற்கு மேல் கேட்டால் தேடவே வேண்டாம். 610 கேட்டால், எதைக் கொடுப்பது என்று பார்க்காமல் எதை வைத்துக்கொள்வது என்று பார்க்கலாம்: ஒரே ஒரு இருபது.

சமன்பாடு இரண்டு இருந்தால், முதலில் ஒரு மாறியை நீக்க வேண்டும். 5-ஆம் நூற்றாண்டுச் சீனக் கணிதர் ஜாங் சியூஜியனின் நூலில் ஒரு பறவைக் கணக்கு: சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு; 100 காசுக்கு 100 பறவை வாங்க வேண்டும். குஞ்சை நீக்கினால், 7 சேவல் + 4 பெட்டை = 100 என்று சுருங்கும். சேவல் நான்கின் மடங்காகவே வரும். நான்கு கூடும்போது பெட்டை ஏழு குறையும், குஞ்சு மூன்று கூடும். பெட்டை பூஜ்யத்துக்குக் கீழே போகாததால் சேவல் 0, 4, 8, 12 என்பதோடு நின்றுவிடும்.

நூல் தரும் விடைகள் மூன்றே. சேவலே வாங்காமல் 25 பெட்டையும் 75 குஞ்சுமாகத் திரும்புகிறவரை அது கணக்கில் சேர்க்கவில்லை.