நூற்றுக்கு ஒன்று – எதில் ஒன்று?

மரபணு மாற்றம் செய்யப்பட்ட பயிர்கள் நன்மை பயப்பனவா, தீமை பயப்பனவா என்ற விவாதம் நீண்டகாலமாக நடைபெற்று வருகிறது. ஆனால் நிர்வாகத்தின் முன் நிற்கும் கேள்வி வேறு. ஓர் உணவுப் பொருளில் அவை எவ்வளவு கலந்துள்ளன என்பதை எவ்வாறு அளப்பது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. அது இறக்குமதியாகும் 24 வகைப் பயிர்களுக்கு, மரபணு மாற்றம் செய்யப்படாதவை என்ற சான்றிதழைக் கட்டாயமாக்கியது. தற்செயலான கலப்புக்கு 1 சதவீத வரம்பையும் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தற்செயலான கலப்பு 0.9 சதவீதத்தைத் தாண்டினால் அதனை உறையில் குறிப்பிட வேண்டும்.

மாதிரி எடுத்தல்

1 சதவீதக் கலப்புள்ள சரக்கிலிருந்து 100 மணிகளை எடுத்தால், கலப்பு மணி ஒன்றுகூட அகப்படாமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 37 ஆகும். 300 மணிகளை எடுத்தால் அது 5 ஆகக் குறையும். எனவே மாதிரி சிறிதாயின், ஆய்வுக்கூடம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை.

அலகு

வணிகர் எடையைக் கருதுகிறார். பி.சி.ஆர். முறையோ, புகுத்தப்பட்ட மரபணுவின் படிகளைப் பயிரின் இயல்பான மரபணுவின் படிகளோடு ஒப்பிடுகிறது. கலப்பினச் சோளத்தில் புகுத்தப்பட்ட மரபணு தந்தைவழி மட்டுமே வந்திருப்பின், அது கருவில் இரண்டில் ஒரு பங்காகவும், மாவுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்காகவுமே அமையும். ஆகவே எடையில் 1 சதவீதமாக உள்ள கலப்பு, படிக் கணக்கில் அரை சதவீதத்தையும் எட்டாமற்போகலாம். ஒரே மாவு, ஓர் அலகின்படி வரம்பை மீறுகிறது. மற்றோர் அலகின்படி வரம்புக்குள் அடங்குகிறது.

ஒப்பீட்டுப் பொருள்

இதனாலேயே, கலப்பின் அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாவுகள் தேவைப்படுகின்றன. பெல்ஜியத்தின் கீல் நகரிலுள்ள ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் இத்தகைய சோள, சோயா மாவுகளைத் தயாரித்து அளித்து வருகிறது. பல நாட்டு ஆய்வுக்கூடங்களின் முடிவுகளை ஒப்பிட இவை பொதுப் படிக்கற்களாக விளங்குகின்றன.

எனினும் ஆய்வுக்கும் எல்லை உண்டு. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் டி.என்.ஏ. பெரும்பாலும் எஞ்சுவதில்லை. இந்தியாவில் பி.டி. பருத்தி 2002-இல் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் அதன் விதையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெயில் அதன் தடயத்தைக் காண்பது அரிது. அங்கே சரக்கு வந்த வழியைக் காட்டும் ஆவணங்களே சான்றாகும்.

அலகு, மாதிரி எடுக்கும் முறை, ஒப்பீட்டுப் பொருள் ஆகிய மூன்றையும் கூறாத வரம்பு வெறும் எண்ணே. அத்தகைய எண்ணைக் கொண்டு ஒரு துறைமுகத்தில் ஏற்கப்படும் சரக்கு, மற்றொரு துறைமுகத்தில் மறுக்கப்படலாம். நுகர்வோரின் உரிமையும் வணிகரின் நியாயமும் ஒருங்கே காக்கப்பட வேண்டுமாயின், விதியோடு அளவுகோலும் சேர்த்தே வகுக்கப்படுதல் வேண்டும்.