எரிபொருளில் இருந்து தண்ணீர்

ராபர்ட் ஹைன்லைன் 1973இல் எழுதிய ‘டைம் எனஃப் ஃபார் லவ்’ நாவலில், மனிதனாகப் பிறந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியல் வரும். அறிவியல் புனைகதை வாசகர்கள் பலருக்கு அது வேதவாக்கு. எனக்கு அதில் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. எத்தனை வேலை தெரியும் என்பதைவிட, ஒரு வேலையில் செய்தது இன்னொன்றில் எங்கே போய் இடிக்கும் என்று தெரிவதைத்தான் பலதுறைத் திறமை என்பேன். பாடப்புத்தகம் துறைகளை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துவிடும். கதையால் அப்படிப் பிரிக்க முடியாது.

ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்ட மார்க் வாட்னி தாவரவியலாளர், இயந்திரப் பொறியாளரும்கூட. உருளைக்கிழங்கு பயிரிடத் தண்ணீர் போதவில்லை. எரிபொருளான ஹைட்ரஸீனை இரிடியத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரியும். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர். வேதியியல் சரிதான். ஆனால் தன் மூச்சோடு வெளியேறும் ஆக்ஸிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார், வெடிக்கிறது. இப்படிப்பட்ட இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டாமல், அடுத்து எது கெடும் என்று ஐந்து நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆசிரியரையும் விடக் கூடாது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் முதல் அத்தியாயத்தில் வருவதுபோல் ஒரு புயலால் விண்கலத்தைச் சாய்க்கவே முடியாது. அந்தப் பிழையைப் பிடித்துவிட்டால் புத்தகத்துக்குக் கொடுத்த காசு வசூல்.

அரைகுறை அறிவு ஆபத்தில்லையா, உலகத்தை நிபுணர்கள்தானே நடத்துகிறார்கள் என்று கேட்கலாம். ஆபத்துதான், நாவல் படித்தவரிடம் யாரும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டாம். ஆனால் 1970 ஏப்ரலில் அப்போலோ 13இல் நடந்ததைப் பாருங்கள். ஆக்ஸிஜன் தொட்டி வெடித்ததும் மூன்று பேர், இருவருக்கென்று செய்த நிலவுக்கலத்தில் ஒதுங்கினார்கள். கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் சதுரம், நிலவுக்கலத்தில் வட்டம். இரண்டு கலங்களையும் செய்தவை வெவ்வேறு நிறுவனங்கள். அவரவர் பெட்டி அவரவர் கலத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. சதுரப் பெட்டியை நிலவுக்கலத்தில் வேலை செய்ய வைக்க வழி கண்டுபிடித்தவர்கள் ஹூஸ்டன் தரைக்கட்டுப்பாட்டு நிபுணர்களேதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது, கலத்துக்குள் என்னென்ன கிடக்கிறது என்ற ஞாபகம்: பிளாஸ்டிக் பை, கையேட்டு அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு டேப். வானொலியில் சொல்லச் சொல்லக் கேட்டு, அதையெல்லாம் வைத்து ஒட்டி முடித்தவர்கள் விமானிகள்.