பிரசவ அறையில் துணைக்கு ஆள் கேளுங்கள்

முதல் பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தியதற்கு நர்ஸ் தொடையில் அடித்தார், அசிங்கமாகப் பேசினார். இப்போது எட்டாம் மாதம். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

முதலில் ஒன்று, சகோதரி: வலித்தால் கத்தலாம். அதற்காக உங்களை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. தப்பு உங்கள் மேல் துளியும் இல்லை.

பிரசவ அறைக்குள் உங்களோடு ஒரு துணை இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இதை 2016-லேயே மத்திய சுகாதாரத் துறை அனுமதித்துவிட்டது. அம்மாவோ அக்காவோ, பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள ஒரு பெண்ணாகப் பாருங்கள். அடுத்த செக்கப்பிலேயே, "உள்ளே என்னோடு அம்மா இருப்பார்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலி வந்த பிறகு வாசலில் நின்று வாதாட முடியாது. நெற்றி வியர்வையைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, கையை விடாமல் பிடித்திருக்கும் ஒருத்தி பக்கத்தில் நின்றால், கை ஓங்க வருகிறவரும் யோசிப்பார்.

குழந்தையை வெளியே தள்ள வயிற்றின் மேல் அழுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. யாராவது அழுத்தினால் "வேண்டாம்" என்று சொல்ல அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மீறி யாராவது கை வைத்தால், தேதி, நேரம், ஷிஃப்ட் குறித்துக்கொண்டு நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100. அம்மாவின் செல்போனில் இன்றைக்கே பதிந்துவையுங்கள்.