உளவுப் புதினமும் உண்மை ஒற்றும்

மாணவர் கையில் உளவுப் புதினத்தைக் கண்டால் முகம் சுளிப்பது ஆசிரியராகிய நமக்கு வழக்கமாகிவிட்டது. பொழுதுபோக்கு நூல் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயின் ஆங்கிலத்தில் இவ்வகை நூல்களை எழுதிய சாமர்செட் மாம், இயான் பிளெமிங், கிரகாம் கிரீன், ஜான் லெ காரே ஆகிய நால்வரும் உளவுப் பணியில் இருந்தவர்களே. அவருள் கிரீனின் நூல் ஒன்றை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

1958இல் வெளிவந்த 'அவர் மேன் இன் ஹவானா' என்னும் புதினத்தின் தலைவன் வோர்மோல்ட், கியூபாவில் தூசு உறிஞ்சும் கருவி விற்பவன். மகளின் செலவுக்குப் பணம் வேண்டிப் பிரித்தானிய உளவாளி ஆகிறான். செய்தி ஏதும் கிட்டாமையால், இல்லாத ஒற்றர்களைப் படைத்து அவர்தம் பெயரால் ஊதியம் பெறுகிறான். தான் விற்கும் கருவியின் உறுப்புகளையே பெரிதாக வரைந்து, மலைப்பகுதியில் எழுந்துவரும் படைக்கல அமைப்பு என்று அனுப்புகிறான். இலண்டன் தலைமையகமும் நம்பிவிடுகிறது.

இது வெறும் கற்பனை அன்று. இரண்டாம் உலகப் போரின்போது கிரீன் பிரித்தானிய உளவுத்துறையில் போர்ச்சுகல் தொடர்பான பணியைக் கவனித்தவர். அங்கிருந்த செருமானிய உளவாளர் சிலர் பொய்யறிக்கை அனுப்பிப் பொருள் ஈட்டியதை அப்போது அறிந்தார்.

பார்சிலோனாவைச் சேர்ந்த ஹுவான் புஜோல் செய்தது இதனினும் வியப்பானது. இட்லரை வெறுத்த அவர் பிரித்தானியர்க்கு உதவ முன்வந்தும் ஏற்பார் இல்லை. ஆகவே செருமானியரிடம் உளவாளியாகச் சேர்ந்தார். இங்கிலாந்து சென்றுவிட்டதாகக் கூறிக்கொண்டு லிஸ்பனிலேயே அமர்ந்து, பயண வழிகாட்டி நூல்களைப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கிளாஸ்கோ மக்கள் ஒரு லிட்டர் திராட்சை மதுவுக்காக எதையும் செய்வர் என்றுகூட எழுதினார். அந்நகரை அறிந்தோர் நகைத்திருப்பர், பெர்லின் நகைக்கவில்லை! 1942இல் பிரித்தானியர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு 'கார்போ' எனப் பெயரிட்டனர். அவர் படைத்த பொய் ஒற்றர் 27 பேர். அவருள் ஒருவர் 'இறந்தபோது' செய்தித்தாளில் இரங்கற் குறிப்பு வந்தது. 'கைம்பெண்ணுக்கு' செருமனி உதவித்தொகையும் அளித்தது. 1944 ஜூன் 6இல் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபின், அது திசைதிருப்பும் தாக்குதலே, பெரும்படை கலே பகுதிக்கு வரும் என்று அவர் எழுதியதை எதிரி நம்பியதால் காக்கப்பட்ட உயிர்கள் பல.

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ள வேண்டும் என்பது வள்ளுவர் 'ஒற்றாடல்' அதிகாரத்தில் வகுத்த நெறி. பெர்லின் அதில் தவறியது. பிற்காலத்தில் இலண்டனும் தவறியது. 2002இல், ஈராக் போருக்குச் சில மாதங்கள் முன்பு, அந்நாட்டில் நச்சு வேதிப்பொருள் கண்ணாடிக் கலன்களில் நிரப்பப்படுவதாக ஒருவர் வழியே பிரித்தானிய உளவுத்துறைக்குச் செய்தி கிட்டியது. வேதிப் படைக்கலங்களில் கண்ணாடி வழக்கமாகப் பயன்படுவதில்லை. 1996இல் வெளிவந்த 'தி ராக்' திரைப்படத்தில்தான் அவ்வாறு காட்டப்பட்டுள்ளது என்று வல்லுநர் ஐயுற்றதை 2016இல் வெளியான சில்காட் விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. உளவுத்துறை அச்செய்தியை முறைப்படி திரும்பப் பெற்றபோது பாக்தாத் வீழ்ந்து மாதங்கள் கடந்திருந்தன.