பிக்கப் வண்டிக்குக் கூடுதல் ரிவர்ஸ் விளக்கு பொருத்தும் முறை

மதுரைக்கு மேற்கே தேனி சாலையில் உள்ள நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றிய ஊர்களில் பூவும் காய்கறியும் விடியுமுன்பே வண்டி ஏறுகின்றன. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும் பரவை காய்கறி மார்க்கெட்டுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் விலை கிடைக்கும். முன்பு மாட்டு வண்டி செய்த வேலையை இன்று ‘குட்டி யானை’ முதலிய சிறு பிக்கப் வண்டிகள் செய்கின்றன. மாடு இருட்டிலும் கிணற்று மேட்டைக் கண்டு நின்றுவிடும். வண்டியோ, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நிற்கும்.

தோட்டத்தில் திருப்ப இடமின்றிப் பின்னோக்கி எடுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, வாய்க்கால், கூடையுடன் வரும் பெண்கள், ஓடிவரும் குழந்தை ஆகியவை கண்ணில் பட வேண்டும். வண்டியுடன் வரும் ரிவர்ஸ் பல்பு பெரும்பாலும் 12 வோல்ட், 21 வாட் கொண்டது. தெருவிளக்குள்ள சாலைக்கு இது போதும். தோட்டத்து இருட்டுக்குப் போதாது.

முதலில் செய்ய வேண்டியவை

விளக்கின் கண்ணாடியில் படிந்த சேறு, சாணம் ஆகியவற்றைக் கழுவ வேண்டும். மங்கிய பல்பை மாற்றி, ஹோல்டரில் உள்ள துருவைச் சுரண்ட வேண்டும். இதன் பின்னும் வெளிச்சம் போதவில்லை என்றால் மட்டும் கூடுதல் விளக்கு வாங்கலாம்.

எந்த விளக்கு நல்லது?

18 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு போதும். இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர் மின்சாரமே எடுக்கும். 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு போட்டால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கண்ணாடியும் கடுமையாகச் சூடேறும். வைக்கோல் ஏற்றும் வண்டிக்கு ஹாலஜன் ஏற்றதல்ல. தூசியும் தண்ணீரும் புகாத ‘ஐ.பி. 67’ குறியுள்ள விளக்காகப் பார்த்து வாங்குவது நல்லது.

ரிலே அவசியம்

பழைய ரிவர்ஸ் விளக்கின் வயரிலேயே புதிய விளக்குகளை முறுக்கி இணைப்பது தவறு. அந்த வயரும், கியர் பெட்டியில் உள்ள சுவிட்சும், பியூசும் சிறு பல்புக்காக அமைந்தவை. அதிக மின்சாரம் பாய்ந்தால் சுவிட்சின் முனை தீயும், பியூஸ் போகும். சில வண்டிகளில் அதே பியூசில் உள்ள வேறு விளக்குகளும் அணைந்துவிடும்.

பம்பு செட் ஸ்டார்ட்டரில் பொத்தானை அழுத்தினால் உள்ளே உள்ள காண்டாக்டர் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதை அறிவீர்கள். ரிலேயும் அவ்வாறே வேலை செய்கிறது. பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும் உதவும். விளக்கெரியும் மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரே வரும்.

இணைக்கும் முறை

1. பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும்.

2. பாசிடிவ் முனையிலிருந்து 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் எடுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் போட்டு, ரிலேயின் 30-ஆம் எண் முனையில் இணைக்க வேண்டும். பியூஸ் இல்லாத வயர் உரசினால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

3. பழைய ரிவர்ஸ் விளக்கின் பாசிடிவ் வயரை 86-ஆம் முனைக்கும், 85-ஆம் முனையைச் சேசிசிலும் கொடுக்க வேண்டும்.

4. 87-ஆம் முனையிலிருந்து இரு விளக்குகளுக்கும் வயர் செல்லும். விளக்குகளின் எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய சேசிசில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

5. சைலன்சர் குழாயும் சுழலும் தண்டும் உள்ள பக்கம் வயர் போகக் கூடாது. துளைகளில் ரப்பர் வளையம் இடுதல் வேண்டும்.

புதிய வண்டியானால், வாரண்டி பாதிக்குமா என விற்பனையாளரைக் கேட்ட பின்பே வயரில் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, மேற்கண்டபடி ரிலேயும் பியூசும் போடச் சொல்லலாம்.

பொருத்தும் இடம்

பின்கதவைத் திறந்து தொங்கவிட்டால் மறையாத இடமாக, அடிச்சட்டத்தின் இரு ஓரங்களிலும் பொருத்த வேண்டும். வெளிச்சம் தரையை நோக்கிச் சாய்ந்தும், சற்றே வெளிப்புறம் விரிந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் வரப்பின் விளிம்பு தெரியும். பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, வெளிச்சம் அருகிலேயே விழும். ஆகவே பாரத்தோடும் பாரமின்றியும் இருமுறை சோதித்து இறுக்குவது நல்லது.

விளக்கு ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டுமே எரிய வேண்டும். சாலையில் முன்னோக்கிச் செல்லும்போது பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் கண் கூசி விபத்து நேரும். அது சட்டப்படியும் குற்றம்.

எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் வண்டிக்கு நேர் பின்னால், பாரத்தின் மறைவில் உள்ளது ஓட்டுபவருக்குத் தெரியாது. எடுக்குமுன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்து, குழந்தைகளை வண்டிக்கு முன்புறமாக, கண்ணில் படும்படி நிறுத்திவிட வேண்டும். கிணற்றோரம் பாரம் ஏற்றும் தோட்டங்களில், விளிம்புக்கு வெகுமுன்பே சக்கரம் தட்டி நிற்கும்படி கனத்த பனந்துண்டு ஒன்றைப் புதைத்து வைப்பது உயிருக்குப் பாதுகாப்பு.