தறிக்கட்டையில் ஒரு மேசை

அப்பாவின் குழித்தறியைப் பிரித்த அன்று, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டுக் கூடத்தில் மிஞ்சியது ஒரு பள்ளமும் சுவரில் சாய்த்து வைத்த பத்துப் பன்னிரண்டு கட்டைகளும்தான். பள்ளத்தை மண் கொட்டி மூடிச் சிமெண்டு பூசிவிட்டோம். கட்டைகளை விறகுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அம்மா அப்போது கடைகளுக்குப் பட்டுச்சேலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாய் விரித்துக் குனிந்தே செய்ததில் முதுகு போய்விட்டது. அவள் நின்றபடி மடிக்க இந்தக் கட்டைகளிலேயே ஒரு மேசை செய்வோம் என்று இறங்கினேன்.

தச்சு வேலை எனக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவர் உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். மற்றதெல்லாம் செய்து கெடுத்துக் கற்றுக்கொண்டது.

அளவில் தொடங்குகிறேன். மேசை யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் அளவு எடுக்கக் கூடாது. காஞ்சிப் பட்டின் அகலம் 48 அங்குலம் வரும். இரண்டு பக்கக் கரையும் மேசைக்கு வெளியே தொங்கக் கூடாது என்பதால் நீளம் 60 அங்குலம் வைத்தேன். உட்கார்ந்து எழுதும் மேசைக்கு 30 அங்குல உயரம் சரி. நின்று செய்யும் வேலைக்கு அது போதாது. ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் செய்து, தரையிலிருந்து அதுவரை அளந்து, நாலு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 34 வந்தது.

பழைய மரத்தில் வாளை வைக்கும் முன் ஒரு காந்தத்தை அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். தறிக்கால்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஏழு ஆணி புதைந்திருந்தன. ஒரே ஒரு ஆணி போதும், தீட்டிய இழைப்புளியின் வாய் போய்விடும். உளுத்த இடத்தை உளியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும்.

மேசையின் கால்களும் சட்டமும் தறிக்கட்டை. மேல்பலகைக்கு அது போதவில்லை. பழைய மரக்கடையில் ஒரு தேக்குக் கதவை வாங்கிப் பிரித்தேன். அதில் நாலைந்து பூச்சு எனாமல் இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைச் செய்யவே கூடாது. நான் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டினேன், முகக்கவசம் போட்டுக்கொண்டேன், சுரண்டியதைச் செய்தித்தாளோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தினேன்.

கால்களையும் சட்டத்தையும் ஆணி இல்லாமல் சேர்த்தோம். காலில் துளை, சட்டத்தின் முனையில் அதற்கேற்ற நாக்கு. நாக்கின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. பசை தடவி இறுக்கியபின் குறுக்கே மூங்கில் முளை அடித்தால் ஆடவே ஆடாது.

இதற்குப் பிறகுதான் தப்பு செய்தேன். ஐப்பசி அடைமழையில் மேல்பலகைகளை ஒட்டி, சட்டத்தோடு பத்து ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டேன். சித்திரையில் ஒருநாள் மத்தியானம் பட்டென்று ஒரு சத்தம். பலகை நடுவில் இரண்டு அடிக்குப் பிளந்து கிடந்தது. ஆசாரி வந்து பார்த்தார். “மழையில ஊதின மரம் வெயில்ல சுருங்கத்தானே தம்பி செய்யும்? அதுக்கு நகர இடம் விட்டீங்களா?” என்றார். மரம் ரேகையின் போக்கில் அநேகமாக நீளாது, குறுகாது. குறுக்காகத்தான் ஊதும், சுருங்கும். அதனால் சட்டத்தில் ஸ்குரூவுக்கு உருண்டைத் துளைக்குப் பதிலாக அரை அங்குலம் நீண்ட துளை வெட்டி, ஸ்குரூ அதற்குள் நகர வழி செய்ய வேண்டும். பிளந்த பலகையை மறுபடி ஒட்டி இப்படித்தான் பொருத்தினேன். அதன்பின் மூன்று கோடை தாண்டிவிட்டது.

கால்களின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் அத்தி மரச் சிலையான அத்தி வரதர் 40 ஆண்டு தண்ணீருக்குள் இருந்து 2019 ஜூலையில் வெளியே வந்தபோது, மரம் எப்படி உளுக்காமல் இருக்கிறது என்று எங்கள் தெருவிலேயே பலர் கேட்டார்கள். பக்தியின் பதில் ஒன்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மரவேலை செய்கிறவனுக்குத் தெரிந்தது இது: காற்றுப் புகாமல் நீரில் மூழ்கிக் கிடக்கும் மரம் சீக்கிரம் அழுகாது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்கிற மரம்தான் அழுகும். தினமும் ஈரத்துணியால் துடைக்கிற தரையில் நிற்கும் மேசைக்கால் இந்த இரண்டாவது வகை. அடிப்பக்கத்தின் வெட்டுமுகத்தில் தேய்த்துத் தேய்த்து மூன்று கை வார்னிஷ் கொடுத்தேன்.

இனி வண்ணம். புது பெயின்ட்டில் பளபளவென்று நிற்கும் தறிக்காலைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கதவுகளில் இருக்கிற அந்தத் தேய்ந்த நீலம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதலில் செய்தது அசிங்கமாக இருந்தது. நீலம் அடித்து, காய்ந்ததும் கண்ட இடத்தில் உப்புத்தாளால் தேய்த்தேன். அடியில் வெளிர்மஞ்சள் மரம் பல்லிளித்தது. சொறி பிடித்த மாதிரி இருந்ததே தவிர பழையதாகத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வாரம் ஊரைச் சுற்றி வெறுமனே பார்த்தேன். இதுதான் நான் தரக்கூடிய பெரிய யோசனை: தூரிகை எடுக்கும் முன் பழைய கதவுகளைப் போய்ப் பாருங்கள். தெருவாசல் கதவின் அடிப்பாகத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வண்ணமே இருக்காது, தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீர் அதைத் தின்றுவிட்டது. நாதாங்கியைச் சுற்றி உள்ளங்கையளவு கறுப்பு, அது கைப்பிசுக்கு. நிலைப்படியின் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். கைலாசநாதர் கோயிலிலும் இதே கதைதான். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் தீட்டிய ஓவியங்களை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அந்த வண்ணம் மிஞ்சியிருப்பது திருச்சுற்றின் சின்னச் சின்னச் சன்னதிகளுக்குள்தான். மழையும் வெயிலும் நேராக விழுகிற இடங்களில் அநேகமாக எல்லாம் போய்விட்டது. வண்ணம் காரணம் இல்லாமல் எங்கேயும் போவதில்லை.

இரண்டாவது தடவை நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தையே முதலில் கறுக்க வைத்தேன். வண்ணம் போன இடத்தில் தெரிய வேண்டியது காற்றுப் பட்டுக் கறுத்த மரம், புதிதாக இழைத்த மரம் அல்ல. நாலு கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, அரை லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டுங்கள். வேறொரு கண்ணாடிப் பாட்டிலில் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். கடுக்காய்த் தண்ணீரை மரத்தில் தடவி, அது காய்ந்ததும் இரும்புத் தண்ணீரைத் தடவினால் கண்ணெதிரே மரம் சாம்பலாகி, பிறகு கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை இது. கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இதே வழியில்தான், அங்கே வினிகருக்குப் பதில் வெல்லத்தில் இரும்பை ஊற வைப்பார்கள். ஒரு துண்டுக் கட்டையில் முதலில் சோதித்துப் பாருங்கள், ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாகக் கறுக்கும்.

அதன்மேல் செங்காவி நிறத்தில் ஒரு கை எமல்ஷன். ஒரு நாள் காயவிட்டு, எங்கே தேய்மானம் வர வேண்டுமோ அங்கே மட்டும் சாதாரண மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தேன்: கால்களின் வெளி விளிம்பு, அடியில் நாலு விரல் உயரம், சட்டத்தில் இடுப்பு உரசும் இடம். பிறகு நீலம் இரண்டு கை. மெழுகு இருக்கிற இடத்தில் நீலம் செங்காவியைப் பிடிக்காது. மறுநாள் மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டினால் அங்கே மட்டும் உரிந்து வரும். அதன்பின் 220 உப்புத்தாள், அதிக அழுத்தம் இல்லாமல். செங்காவி தெரிகிற இடம் நிறைய இருக்கட்டும், மரம் தெரிகிற இடம் கொஞ்சமாக இருக்கட்டும். எனாமலில் இதைச் செய்யாதீர்கள், முழுக்க இறுகும் முன் தேய்த்தால் ரப்பர் மாதிரிச் சுருண்டு வரும்.

வெடிப்பு வேண்டும் என்கிறவர்கள் இரண்டு பூச்சுக்கும் நடுவில் வெள்ளைப் பசையைத் தடிமனாகத் தடவி, அது பிசுபிசுக்கும்போதே மேல்வண்ணத்தை ஒரே இழுப்பில் அடிக்க வேண்டும். திரும்ப அதே இடத்தில் தூரிகை வைத்தால் கெட்டுவிடும். வெயிலே படாத மேசைக்காலில் வெடிப்பு எதற்கு என்று நான் அதை விட்டுவிட்டேன்.

மேல்பலகைக்கு வண்ணமே இல்லை. காரணம் பட்டு. ஒரு சிம்பு போதும், பல நாள் நெய்த சேலையில் இழை இழுத்துவிடும். 120, 180, 240 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை மறுபடி தேய்த்து, மேட் பாலியூரிதேன் மூன்று கை கொடுத்தேன். கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பழைய பட்டுத் துண்டை விரலில் சுற்றிப் பலகை முழுக்க, விளிம்பிலும் அடிமூலையிலும் இழுத்துப் பாருங்கள். மாட்டுகிற இடம் தானே தெரியும். கால்களிலும் இதைச் செய்தேன், சேலை நுனி அங்கேயும் உரசும். பிறகு நனைந்த வெள்ளைத் துணியால் செங்காவியைத் தேய்த்ததில் துணி சிவந்தது. கால்களுக்கும் அதே மேட் பூச்சை ஒரு கை கொடுத்ததும்தான் நின்றது.

ஆளிவிதை எண்ணெய் பூச நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பின்சட்டமாக வைத்தது படமரம், நெய்த சேலை சுருள்கிற கட்டை. அப்பா அதைத் தன் வயிற்றருகே வைத்துத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அதை இழைக்கவும் இல்லை, வண்ணம் பூசவும் இல்லை. துடைத்து அப்படியே பொருத்தினேன். நடுவில் ஒரு முழ நீளத்துக்கு அது கண்ணாடி மாதிரி இருக்கும், எந்த உப்புத்தாளாலும் எனக்கு அந்த வழவழப்பு வரவில்லை.

முன்சட்டத்தின் வலப்பக்கத்தில் நான் மெழுகு தேய்த்து நீலத்தை உரித்திருந்தேன், அம்மா அங்கே நிற்பாள் என்று நினைத்து. மூன்று வருஷம் ஆகிறது. அவள் நிற்பது இடப்பக்கம், ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. அந்த இடத்தில் நீலம் மெல்ல மங்கி, இப்போது செங்காவி தெரியத் தொடங்கியிருக்கிறது.